தொங்கு தொட்டிகளுக்குத் தண்ணீர் விடும் எளிய வழிகள்: பால்கனியில் கற்றவை

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், கிழக்கு பார்த்த பால்கனியிலும், மேற்குப் பக்கம் துணி காயப்போடும் சிறு இடத்திலுமாகப் பல ஆண்டுகளாகத் தொங்கு தொட்டிகளில் செடி வளர்த்து வருகிறேன். தரையில் வைத்த தொட்டிக்கும் தொங்குகிற தொட்டிக்கும் தண்ணீர்த் தேவையில் எவ்வளவு வேறுபாடு என்பது, ஒரே நர்சரியில் ஒன்றாக வாங்கிய இரண்டு ஸ்பைடர் செடிகளில் ஒன்றைத் தரையிலும் மற்றொன்றைக் கொக்கியிலும் வைத்துப் பார்த்தபோது நன்றாகவே விளங்கியது. சித்திரை வெயிலில் தரைத் தொட்டியின் மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மேலே தொங்கியதன் இலைகள் துவண்டுவிடும். தரைத் தொட்டிக்கு அடியிலும் சுவரோரத்திலும் காற்றிலிருந்து மறைவு உண்டு. தொங்குவதற்கு நாலாபுறமும், அடிப்புறமும்கூட, காற்றுதான். அதிலும் கம்பிக் கூடைக்குள் தென்னை நார் விரிப்பு வைத்த வகையாக இருந்தால் விரிப்பின் பரப்பு முழுவதும் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கொக்கி தாங்க வேண்டுமே என்று தொட்டியைச் சிறியதாக வாங்குகிறோம். அதனால் உள்ளே இருக்கும் மண்ணும் குறைவு, அது பிடித்து வைக்கும் தண்ணீரும் குறைவு.

முக்காலி போட்டு ஏறி, குவளையால் ஊற்றுவதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தோளுக்கு மேலே தூக்கி வேலை செய்ய வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, வேறு வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டியதாயிற்று. இந்தத் தேடலில் எனக்குப் புலப்பட்டது, உயரம் இதில் பாதிச் சிக்கல்தான் என்பது. ஊற்றிய தண்ணீர் மண்ணில் தங்குகிறதா, பக்கவாட்டு இடுக்கு வழியாகக் கீழே ஓடிப்போகிறதா என்பதே பெரிய சிக்கல். முக்காலியின்மேல் நின்றுகொண்டு ஊற்றுகிறவர் அவசரமாகத்தான் ஊற்றுவார். அவசரமாக ஊற்றிய தண்ணீர் அவசரமாகவே வெளியேறும். ஆகவே எந்த முறையைப் பார்த்தாலும், அது தண்ணீரை மெதுவாக இறக்குகிறதா என்பதையே முதலில் கவனிக்கிறேன்.

முறைகளுக்கு முன்னால் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மண் சரியில்லாவிட்டால் எந்தக் குழாயும் உதவாது. வெறும் செம்மண் தொங்கு தொட்டிக்கு ஏற்றதல்ல; கனம் அதிகம், காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். அந்த இடைவெளிதான் தண்ணீர் ஓடிப்போகும் வாய்க்கால். நான் தென்னை நார்க் கழிவு, அதாவது கடைகளில் கோகோபீட் என்று கட்டியாக விற்பதைப் பாதியளவும், மண்புழு உரம் கால் பங்கும், மீதிக்குச் செம்மண்ணும், பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைத் துகளுமாகக் கலக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் பெரிய தொட்டி நிறையும் அளவுக்கு உப்பிவிடும். அதில் உப்புத்தன்மை இருக்கக்கூடும் என்பதால், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். இந்தக் கலவை கனமில்லாதது, ஈரத்தையும் நெடுநேரம் வைத்திருக்கும். ஓரளவு காய்ந்தாலும் மீண்டும் ஊறிக்கொள்ளும். தொட்டியின் விளிம்புவரை நிரப்பிவிடாமல் இரண்டு விரற்கடை இடம் விடுவது மிக அவசியம். ஊற்றிய தண்ணீர் அங்கே சற்று நேரம் தேங்கி நின்று இறங்குவதற்கு அந்த இடம்தான் துணை. தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லும் சரளையும் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் ஈரம் சரளைக்கு மேலேயே நின்றுகொள்கிறது, வேருக்கான மண்தான் குறைகிறது. ஆழமில்லாத தொங்கு தொட்டியில் அந்த இழப்பைத் தாங்க முடியாது. துளை வழியாக மண் சரியாமலிருக்க ஒரு துண்டு கொசுவலை போதும்.

தென்னை நார் விரிப்பு வைத்த கூடைகளில், விரிப்புக்கும் மண்ணுக்கும் நடுவே பழைய பாலித்தீன் பை ஒன்றைக் கிழித்து, அடிப்பகுதியில் நாலைந்து துளைகள் இட்டுப் பதித்துவிட்டால் பக்கவாட்டில் ஆவியாகும் ஈரம் வெகுவாகக் குறைகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது பையும் தெரியாது.

தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்பதை எப்படி அறிவது? தரைத் தொட்டியில் விரலை நுழைத்துப் பார்த்துவிடலாம். தலைக்கு மேலே தொங்குவதில் விரல் எட்டாது, மேல்மண் கண்ணுக்கும் தெரியாது. எடைதான் நம்பகமான அடையாளம். ஊருக்குப் போகும்போது பெட்டியின் எடையைப் பார்க்க வாங்கிய சிறிய மின்தராசு எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. தொட்டிக்கு முழுவதும் தண்ணீர் விட்டு, வடிந்து முடிந்ததும், தராசின் கொக்கியில் மாட்டி எடையைக் குறித்துக்கொண்டேன். பிறகு இலை சோரத் தொடங்கும் வேளையில் மறுபடியும் குறித்தேன். என்னுடைய 8 அங்குலத் தொட்டி ஒன்று முழு ஈரத்தில் 2.4 கிலோவும், சோரும்போது 1.4 கிலோவும் காட்டியது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், அந்தத் தொட்டி தன்னிடம் வைத்திருந்து இழப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் என்று கணக்குத் தெளிவாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவான 1.9 கிலோவுக்கு இறங்கும்போது தண்ணீர் விட்டால் செடி சோரவே சோராது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஓரிரு முறை இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு தராசும் வேண்டியதில்லை. அடியில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தாலே கைக்குத் தெரிந்துவிடும். கை எட்டாதவர்கள் ஒரு கம்பால் அடியைச் சற்றே உயர்த்திப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கினால் இன்னொரு பயனும் உண்டு. 10 அங்குலத் தொட்டி நன்கு நனைந்திருக்கும்போது 4 முதல் 5 கிலோ வரை இருக்கும். கொக்கி மாட்டுகிறவரிடம் காய்ந்த தொட்டியைக் காட்டாமல் இந்த எடையைச் சொல்ல வேண்டும். கான்கிரீட் கூரையில் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கிய கொக்கியே நம்பத்தக்கது. பிளாஸ்டிக் செருகி வைத்து முடுக்கிய திருகாணிக் கொக்கி கூரையில் தலைகீழாக நெடுங்காலம் நிற்காது. பொய்க்கூரையின் ஜிப்சம் பலகையில் எதையும் தொங்கவிடவே கூடாது.

இனி முறைகளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் உதவியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணீரை மேலே ஏற்றுவதைவிடத் தொட்டியைக் கீழே இறக்குவது எளிது. சென்னை அடுக்குமாடி வீடுகளில் பால்கனிக் கூரையில் துணி காயப்போடும் கம்பிகள் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் நைலான் கயிறு கட்டி, அது கூரையிலுள்ள சிறு கப்பிகளின் வழியாகச் சுவரோரம் வந்து, ஒரு கொக்கியில் சுற்றப்பட்டிருக்கும். கயிற்றைத் தளர்த்தினால் அந்தக் கம்பி மட்டும் கீழே இறங்கும், இழுத்தால் மேலே ஏறும். மேற்குப் பக்கத்தில் இருந்த அந்த அமைப்பில் ஓரத்துக் கம்பிகள் இரண்டைச் செடிகளுக்கென்று ஒதுக்கிவிட்டேன். ஒரு கம்பிக்கு 6 அங்குலத் தொட்டிகள் இரண்டு, கம்பியின் இரு முனைகளையும் ஒட்டினாற்போல், எடை சமமாக இருக்கும்படி மாட்டியிருக்கிறேன். காலையில் கயிற்றை அவிழ்த்து இடுப்பளவுக்கு இறக்கி, நின்ற இடத்திலேயே தண்ணீர் விட்டு, காய்ந்த இலையைக் கிள்ளி, இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்து, வடிந்த பிறகு மேலே ஏற்றிவிடுகிறேன். ஏற்றும்போது கை இழுப்பது கீழ்நோக்கித்தான், ஆதலால் தோளுக்குத் தொந்தரவு இல்லை. மாவுப்பூச்சியைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது இந்த முறையில் மட்டுமே எனக்குக் கைகூடியது. உயரத்தில் இருந்தவரை, பூச்சி தொட்டி முழுவதும் பரவிய பிறகே தெரியவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது கயிறு. நைலான் கயிறு வெயிலில் நைந்து, கப்பியின் மேல் வளையும் இடத்தில்தான் முதலில் இழை பிரியும். துணி விழுந்தால் மறுபடி அலசிக்கொள்ளலாம், தொட்டி விழுந்தால் அப்படியல்ல. ஆண்டுக்கொரு முறை, கோடை தொடங்கும் முன்பே கயிற்றை மாற்றிவிடுகிறேன். இத்தகைய அமைப்பு இல்லாத கிழக்குப் பால்கனிக்காக, கூரைக் கொக்கியில் ஒரு சிறு இரும்புக் கப்பியை மாட்டி, பருத்தி உறியில் வைத்த பெரிய தொட்டியைத் தனிக் கயிற்றில் இறக்குமாறு செய்தேன். கயிற்றின் மறுமுனையைச் சுற்றிவைக்கும் கொக்கி சுவரில் வலுவாக இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் கம்பியில் முடிச்சுப் போட்டு வைப்பது, விளையாடும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

இறக்கிய தொட்டிக்குத் தண்ணீர் விடுவதிலும் இரண்டு விதம் உண்டு. அன்றாடம் என்றால், தேவையான அளவில் பாதியை முதலில் ஊற்றி, பத்து நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து, மீதியை ஊற்றுவேன். முதல் தவணையில் மேல்மண் நனைந்து விரிந்து இடுக்குகள் அடைபட்டுவிடுவதால், இரண்டாம் தவணைத் தண்ணீர் வெளியே ஓடாமல் வேர்வரை இறங்குகிறது. இதற்காகச் செலவு ஒன்றுமில்லை. ஆயினும் நான் செய்துபார்த்த எல்லாவற்றிலும் செடியின் முகத்தில் மிக விரைவாக மாற்றத்தைக் காட்டியது இந்த இரு தவணைப் பழக்கம்தான். மண் முற்றிலும் காய்ந்து தொட்டிச் சுவரை விட்டு விலகியிருந்தால் மேலிருந்து எவ்வளவு ஊற்றியும் பயனில்லை. அப்போது தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில், விளிம்பு மூழ்காத அளவுக்கு இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரம் ஆகும். பிறகு அதே வாளியின் மேல் ஒரு கம்பைக் குறுக்கே வைத்துத் தொங்கவிட்டு வடியச் செய்தால் தரையும் நனையாது, வடிந்த தண்ணீரும் அடுத்த தொட்டிக்கு ஆகும். நோய் கண்ட செடி மட்டும் இந்தப் பொதுவாளிக்குள் இறங்கக் கூடாது.

தொட்டியை இறக்க வழியில்லாத இடங்களில் தண்ணீரைத்தான் ஏற்ற வேண்டும். பிளம்பிங் கடையில் அரை அங்குலக் குழாய் ஒரு மீட்டரும், எல்போ என்னும் வளைவுத் துண்டுகள் இரண்டும், திருப்பித் திறந்து மூடும் பால் வால்வு (ball valve) ஒன்றும், ஹோஸ் மாட்டும் நிப்பிளும் வாங்கி ஒரு நீர்க்கோல் செய்துகொண்டேன். மேல்முனையில் இரண்டு எல்போக்களையும் அடுத்தடுத்துப் பொருத்தினால் வாய் கீழ்நோக்கி வளைந்துவிடும். அடிமுனையில் வால்வும் ஹோஸும். வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் கட்டிவிட்டால் தண்ணீர் பீய்ச்சாமல், மண்ணைக் குழிபறிக்காமல், கசிந்து இறங்கும். வால்வு கையருகில் இருப்பதால் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அடைத்துக்கொள்ளலாம். இப்படித் தண்ணீர் பாய்ச்ச நீளமான கோல்கள் ஆயத்தமாகவும் விற்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றின் முனை பூவாளி போல் நேராக முன்னோக்கியே தெளிக்கிறது, நமக்கு வேண்டியதோ வளைந்து கீழே விழுவது.

குழாய் வசதியில்லாத பால்கனிக்கு அழுத்துப் புட்டி போதும். மெல்லிய சுவருள்ள ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் மூடியில் துளையிட்டு, புட்டியின் அடிவரை எட்டும்படி ஒரு மெல்லிய குழாயைச் செருகி, துளையைச் சுற்றிப் பசைபோட்டு அடைத்து, குழாயின் மறுபாதியை ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டி, நுனியை வளைத்துவிட்டால் முடிந்தது. புட்டியை நெஞ்சளவில் பிடித்து அமுக்கினால் தண்ணீர் குழாய் வழியாக ஏறித் தொட்டிக்குள் விழும். நாலைந்து தொட்டிகள் வரை இது சுகமான வேலை. அதற்கு மேல் இருந்தால் உள்ளங்கை வலிக்கும். காற்றடித்துப் பயன்படுத்தும் கைத்தெளிப்பான் இதற்கு மாற்று ஆகாது. அது இலையைத்தான் நனைக்கும். மேல்மண் நனைந்தது போல் தோன்றி, வேர்ப்பகுதி காய்ந்தே கிடக்கும்.

சொட்டு முறையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கோடைக்காலத்தில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரத்தைத் தொங்கவிட்டு, அதன் அடித்துளையிலிருந்து நாள் முழுவதும் சொட்டவிடுவதைப் பார்த்திருப்போம். தொட்டிக்கு மேலே ஒரு நீர்க்கலம், அதிலிருந்து ஓய்வில்லாத சிறு சொட்டு என்பதே இங்கும் தத்துவம். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் குழாய்த் தொகுப்பை இதற்காகப் பலர் பயன்படுத்துகிறார்கள், நானும் பயன்படுத்துகிறேன். அதில் சொட்டு விழுவதைப் பார்க்க உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குமிழும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளைத் திருகியும் சேர்ந்தே வருகின்றன. பெரியவர்களுக்குப் போடும் சாதாரண வகையில் ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர். தொகுப்பின் உறையிலேயே இது அச்சிட்டிருக்கும். நிமிடத்துக்கு 20 சொட்டு என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 60 மில்லி, எட்டு மணி நேரத்தில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுத்தரத் தொட்டி ஒன்றுக்கு ஒரு கோடைப் பகலின் தேவை ஏறக்குறைய அவ்வளவுதான். புதிய தொகுப்பையே வாங்க வேண்டும், ஒருமுறை மருத்துவத்துக்குப் பயன்பட்டதை எடுக்கவே கூடாது. புட்டியைத் தலைகீழாகக் கட்டி அதன் அடியை வெட்டித் திறந்துவிட வேண்டும், இல்லையேல் காற்று புகாமல் சொட்டு நின்றுவிடும். திறந்த வாயில் கொசுவலை கட்டி, புட்டியைக் கறுப்புத் துணியால் சுற்றினால் பாசி பிடிக்காது. தண்ணீர் மட்டம் இறங்க இறங்கச் சொட்டின் வேகமும் குறையும் என்பதால், காலையில் எண்ணி வைத்த கணக்கு மாலையில் சற்றுக் குறைவாகத்தான் வரும்.

ஆனால் புட்டி தொட்டியைவிட உயரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். தொங்கு தொட்டிக்கு மேலே இன்னொன்றைத் தொங்கவிட எல்லா இடத்திலும் உயரம் இராது, புட்டியை நிரப்புவதற்கும் ஏறத்தான் வேண்டும். தொட்டிகள் பத்துக்கு மேல் போனால் தரையில் ஒரு வாளி, அதற்குள் மீன்தொட்டிக்குப் போடும் சிறு மோட்டார், அதிலிருந்து 16 மில்லி மீட்டர் குழாய், ஒவ்வொரு தொட்டிக்கும் 4 மில்லி மீட்டர் நுண்குழாய் என்று அமைப்பது மேல். மோட்டார் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் ஹெட் என்னும் உயரத்தைப் பார்க்க வேண்டும். 2 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய நின்றுவிடும் என்றே அதற்குப் பொருள். தொட்டிகள் 2 மீட்டர் உயரத்தில் தொங்கினால் 3 மீட்டர் வகை மோட்டாரே வேலைக்கு ஆகும். தோட்டக்கலைக் கடையில், எந்த அழுத்தத்திலும் ஒரே அளவு சொட்டும் விலையுயர்ந்த சொட்டுவான்களைக் கொடுக்க முன்வருவார்கள். இந்தச் சிறு மோட்டாரின் அழுத்தத்துக்கு அவை சரிவரத் திறப்பதில்லை. கையால் திருகி அளவு மாற்றும் சாதாரண வகையே இங்கு பொருந்தும். மோட்டாரின் மின்கம்பி ஈரப் பால்கனியில் தரையோடு கிடக்காதபடி, சாக்கெட்டைவிடத் தாழ்வாக வளைந்து தொங்கிப் பிறகு மேலேறுமாறு விட்டால், கம்பி வழியே வழியும் நீர் சாக்கெட்டுக்குள் போகாது. ஒரு டைமர் சுவிட்ச் போட்டு, காலையில் ஐந்து நிமிடம், இடைவெளி விட்டு இன்னும் ஐந்து நிமிடம் என்று அதே இரு தவணைப் பழக்கத்தை இதற்கும் வைத்துவிட்டேன்.

திரி முறை பசுமையிலைச் செடிகளுக்கு மிக ஏற்றது. தொட்டியின் வடிதுளை வழியாக ஒரு நைலான் அல்லது அக்ரிலிக் கயிற்றைச் செருகி, மேல்முனை மண்ணுக்கு நடுவிலும் கீழ்முனை தொட்டிக்கு அடியில் தொங்கும் புட்டித் தண்ணீரிலும் இருக்குமாறு செய்தால், மண் காயக் காயத் தண்ணீர் தானே ஏறிக்கொள்ளும். பருத்தித் திரி முதலில் நன்றாக உறிஞ்சினாலும் சில மாதங்களில் மண்ணுக்குள் மட்கிவிடுகிறது. திரியை முழுவதும் நனைத்த பிறகே செருக வேண்டும், தண்ணீருக்கும் மண்ணுக்கும் இடைவெளி ஒரு சாணுக்கு மிகக் கூடாது. மணி பிளான்ட், ஸ்பைடர், பெரணி ஆகியவை இதில் செழிக்கின்றன. டேபிள் ரோஸ், முத்துச்சரம் போல் தொங்கும் சதைப்பற்றுச் செடிகள் ஆகியவற்றுக்கு இடைவிடாத ஈரம் அழுகலைத்தான் தரும். அவற்றுக்குத் திரியும் வேண்டாம், சொட்டும் வேண்டாம், காய்ந்த பின் ஒரேயடியாக நனைத்துவிடுவதே நல்லது. தேநீர் தரும் சிறு மண்குவளையைத் தொட்டியின் நடுவே விளிம்பு வரை புதைத்து, அதை மட்டும் நிரப்பி வருவதும் நல்ல வழியே. மண்சுவர் வழியாக நீர் கசிந்து வேரை அடையும், ஊற்றும்போது ஓரம் வழிந்து வீணாகாது. குவளை வர்ணமோ பளபளப்போ பூசாததாக இருக்க வேண்டும்.

பனிக்கட்டித் துண்டுகளை மண்ணின்மேல் வைக்கும் யோசனையும் பரவலாக இருக்கிறது. மெல்ல உருகுவதால் சிந்தாது என்பது உண்மைதான், ஆனால் ஒரு துண்டில் இருப்பது இரண்டு மூன்று தேக்கரண்டித் தண்ணீர். நம் ஊர்க் கோடையில் ஒரு தொட்டிக்கு எத்தனை தட்டு உறையவைப்பது? நம் பால்கனிச் செடிகளில் பெரும்பாலானவை வெப்பநாட்டுச் செடிகள். வேரருகே அந்தக் குளிர்ச்சியை அவை விரும்புவதுமில்லை.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை முழுவதும் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது, குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு விட மனம் வரவில்லை. அப்போது கைகொடுத்தது அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. இயந்திரத்தின் வடிகுழாய்த் தண்ணீர். நம் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்துக்கு ஓர் இரவில் பாதி வாளிக்குக் குறையாமல் சேர்ந்துவிடும். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. அன்று தொடங்கியது இன்றும் தொடர்கிறது, தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் தொங்கு தொட்டிகளுக்கு அதையே விடுகிறேன். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் இதற்கு நேர்மாறானது. உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும், அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டுமே கிடைக்கிறவர்களுக்குத் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவமும் இலை நுனிகளில் கருகலும் தோன்றும். சொட்டிலும் திரியிலும் வளரும் தொட்டிகளில் இது விரைவாகவே வரும், ஏனெனில் அங்கே தண்ணீர் வடிந்து வெளியேறுவதே இல்லை, உப்பு உள்ளேயே தங்குகிறது. மாதம் ஒருமுறை தொட்டியை இறக்கி, அடித்துளை வழியாகத் தாராளமாக வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும்.

வடியும் தண்ணீர் எங்கே விழுகிறது என்பது அடுக்குமாடியில் அண்டை வீட்டு உறவு சார்ந்த விஷயம். “அக்கா, வெள்ளைத் துணி காயப்போட்டிருக்கேன், மேலேருந்து மண்தண்ணி சொட்டுதே” என்று கீழ்த்தளத்துப் பெண் ஒருநாள் படியேறி வந்து சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு கைப்பிடிச் சுவருக்கு வெளியே எதையும் தொங்கவிடுவதில்லை. அவர் துணியை எடுத்துவிடும் நேரத்தைக் கேட்டறிந்து பெரிய தொட்டிகளை அப்போது நனைக்கிறேன். மணி பிளான்ட் பதியன் ஒன்றும் கொடுத்தேன், இப்போது நாங்கள் ஊருக்குப் போகும் நாட்களில் அவரே வந்து பார்த்துக்கொள்கிறார். ஒரு வாரத்துக்கு மேல் போவதாக இருந்தால் எல்லாத் தொட்டிகளையும் கொக்கியிலிருந்து கழற்றி, வெளிச்சம் வரும் குளியலறைத் தரையில் நெருக்கமாக வைத்துவிடுகிறேன். காற்றோட்டமும் வெயிலும் குறைந்த இடத்தில் அவற்றின் தண்ணீர்த் தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதால், அவர் ஒருமுறை வந்து ஊற்றினாலே சமாளித்துவிடும்.

கோடையில், குறிப்பாக அக்னி நட்சத்திர நாட்களில், மேற்குப் பக்கத் தொட்டிகளுக்குக் காலையில் ஏழு மணிக்குள் ஒருமுறையும், வெயில் தாழ்ந்த பிறகு எடை பார்த்துத் தேவையானவற்றுக்கு மட்டும் இன்னொரு முறையும் விடுகிறேன். நண்பகலில் இலை துவண்டு தெரிந்தாலும் உடனே ஊற்ற ஓட வேண்டியதில்லை. மண்ணில் ஈரம் இருந்தும் வெப்பம் தாளாமல் துவளும் இலை மாலையில் தானே நிமிரும். அப்போதும் நிமிராததே தாகத்தில் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேறு விதமான கவனம் வேண்டும். வெளியே மழை கொட்டினாலும் கூரைக்கு உட்புறம் தொங்கும் தொட்டிக்குள் ஒரு துளிகூட விழுந்திருக்காது. மழைதானே என்று விட்டுவிட்டால் அடைமழைக்கு நடுவிலும் செடி காயும். விளிம்பில் தொங்குவதோ சாரலில் நிரம்பி வழியும். பிளாஸ்டிக் தொங்கு தொட்டிகளின் அடியில் பொருத்தி விற்கும் தட்டுகளில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்பது, அவை தலைக்கு மேலே இருப்பதால், யார் கண்ணிலும் படாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சிறிய, தெளிந்த தேக்கத்தில்தான் முட்டையிடுகிறது, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே அக்டோபர் பிறந்ததும் தட்டுகளை எல்லாம் கழற்றிக் கழுவி உள்ளே எடுத்து வைத்துவிட்டு, பொங்கலுக்குப் பிறகே மீண்டும் மாட்டுகிறேன். கழற்ற முடியாதபடி ஒட்டிய தட்டுகளின் ஓரத்தில், பழுக்கக் காய்ச்சிய ஆணியால் இரண்டு துளை இட்டிருக்கிறேன். திரிப் புட்டிகளின் வாயையும் திரியைச் சுற்றிப் பஞ்சு வைத்து அடைத்துவிடுகிறேன், வாரத்துக்கொரு நாள் அவற்றின் தண்ணீரைக் கொட்டி மாற்றுகிறேன்.